பெரியப்பாவின் யாஷிகா எலக்ட்ரோ 35: முதல் ரோலில் பாதி வெளுப்பு, கொஞ்சம் கருப்பு. தப்பு என்னுடையதா, கேமராவுடையதா?

உப்பளத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர். பெரியப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். எழுபதுகளின் கடைசியில் ஊருக்கு வந்தபோது ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் வாங்கி வந்தார். அப்பா கல்யாணத்திலிருந்து அக்கா காதுகுத்து வரைக்கும் எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் அதில் எடுத்ததுதான். அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் தோல் உறையோடு தூங்கியது. போன மாதம் பெரியம்மா, "நீதானே படம் படம்னு அலையுறே, வச்சுக்கோ" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்.

பேட்டரிதான் முதல் தலைவலி. உள்ளே இருந்தது பழைய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. கடையில் காட்டினால் கடைக்காரர் சிரிக்கிறார். கடைசியில் 6 வோல்ட் 4எல்ஆர்44 ஒன்றை வாங்கி, அது ஒல்லியாக இருந்ததால் சுற்றிலும் காகிதம் சுற்றி, மிச்ச நீளத்துக்கு அலுமினியத் தாளை உருட்டி வைத்து மூடினேன். பின்பக்கம் இருக்கும் பட்டனை அழுத்தினால் மேலே பச்சை விளக்கு எரிகிறது. அவ்வளவுதான், சரியாகிவிட்டது என்று நினைத்து கோடக் கோல்டு 200 ஒரு ரோல் போட்டேன்.

கழுவி வந்ததைப் பார்த்தால், முதல் ஐந்து படம் மொத்தமாகக் கருப்பு. உப்பளத்தில் எடுத்த பத்துப் பன்னிரண்டு படம் பால் ஊற்றினதுபோல் வெளுத்துப் போயிருக்கிறது. வீட்டுக்குள் எடுத்த இரண்டு மட்டும் நன்றாக இருக்கிறது, அதிலும் கை ஆட்டம். இது போதாதென்று ஏழெட்டுப் படங்களில் ஒரு ஓரமாக ஆரஞ்சு நிறத்தில் தீ பிடித்த மாதிரி கோடு.

வியூஃபைண்டருக்குள் சிவப்பு, மஞ்சள் என்று இரண்டு அம்புக்குறி விளக்குகள் உண்டு. சில நேரம் எரிகிறது, பல நேரம் இரண்டுமே எரிவதில்லை. எரியாதபோது எடுக்கலாமா கூடாதா என்றே தெரியவில்லை. இன்னொன்று, வீட்டுக்குள் அழுத்தினால் "கிளிக்" என்று ஒரு சத்தம், கொஞ்சம் கழித்து இன்னொரு "கிளிக்". ஷட்டர் சிக்கிக்கொள்கிறதோ? ஒரு ரோல் வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்ய ஆகிற செலவில் இப்படிப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க என்னால் முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இருட்டறை:

தம்பி, முதலில் நெகட்டிவைக் கையில் வாங்கு, அதாவது கழுவிய ஃபிலிமை. அதில் வெளிச்சம் பட்ட இடம்தான் கருப்பாகத் தெரியும். இப்போதெல்லாம் ஸ்கேனை மட்டும் மெயிலில் அனுப்பிவிடுகிறார்கள், அதை வைத்து நோய் கண்டுபிடிக்க முடியாது. நெகட்டிவில் அந்த ஐந்து படமும் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தால் ஃபிலிமுக்கு வெளிச்சமே போகவில்லை என்று அர்த்தம். வெளுத்துப்போன படங்கள் நெகட்டிவில் கன்னங்கரேலென்று இருந்தால் வெளிச்சம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. இரண்டும் நேர் எதிரான வியாதி, ஒரே காரணமாக இருக்காது.

கருப்புப் படங்களுக்கு நான் பந்தயம் கட்டுகிறேன், லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்திருக்கிறாய். கோபப்படாதே. இந்தக் கேமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை, மேலே தனியாக இருக்கும் ஜன்னல் வழியாக. வெளிச்சம் அளக்கும் கண்ணும் மேலேதான், முன்பக்கத்தில், அந்த ஜன்னல் வரிசையில் இருக்கிறது. அதனால் மூடி போட்டிருந்தாலும் காட்சி பளிச்சென்று தெரியும், விளக்கு எரியும், ஷட்டர் அடிக்கும், எல்லாம் முறையாக நடக்கும். படம் மட்டும் இருக்காது. இப்போது எல்லோரும் பழகியிருக்கிற கேமராவில் மூடி இருந்தால் இருட்டுத் தெரியும், உடனே கழற்றிவிடுவோம். இதில் அந்த எச்சரிக்கை கிடையாது.

அந்தக் கண்ணை விரலால் மறைக்காமல் பிடிக்கவும் பழகு. மறைத்தால் கேமரா "அய்யோ இருட்டு" என்று நினைத்து ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். லென்ஸில் ஃபில்டர் மாட்டினாலும் அது கண்ணுக்குத் தெரியாது, நீதான் ஏஎஸ்ஏ சக்கரத்தைத் திருப்பிச் சரிக்கட்ட வேண்டும். ஃபிலிமின் 200, 400 என்ற எண்ணைக் கேமராவுக்குச் சொல்லும் சக்கரம் அது, எண் கூடினால் ஃபிலிமுக்குக் குறைந்த வெளிச்சமே போதும்.

நான் கும்பகோணத்தில் முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். எனக்கும் இதைவிடப் பெரிய அவமானம் நடந்திருக்கிறது. ஒரு வளைகாப்புக்குப் போய் எடுக்கிறேன், எடுக்கிறேன், எண் 36 தாண்டி 38, 40 என்று போகிறது, ரோல் முடியவே இல்லை. ஆஹா, லாபம் என்று வேறு நினைத்தேன். திறந்தால் ஃபிலிம் சுருளில் மாட்டவே இல்லை, ஒரு படம்கூட நகரவில்லை. எண் காட்டும் சக்கரம் ஃபிலிமை நகர்த்த இழுக்கும் லீவரோடு சுற்றும், ஃபிலிமோடு இல்லை. அன்றிலிருந்து லீவரை இழுக்கும்போதெல்லாம் இடதுபக்கம் இருக்கும் ரீவைண்டு குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பார்க்காமல் அடுத்த படம் எடுத்ததில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறந்த பையன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான், அவன் அம்மா என்னைப் பார்த்தால் இன்னும் பேசமாட்டார்.

கோவை_ஸ்பேனர்:

இருட்டறை ஐயா மூடி விஷயத்தை முடித்துவிட்டார். நான் விளக்குக்கு வருகிறேன்.

நண்பரே, இரண்டு விளக்கும் எரியவில்லை என்றால் அதுதான் நல்ல சேதி. இந்தக் கேமராவில் நீங்கள் அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை, எஃப் எண் கூடினால் துளை சின்னது) மட்டும்தான் வைக்கிறீர்கள், ஷட்டர் வேகத்தை, அதாவது எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்பதை, அதுவே முடிவு செய்துகொள்ளும், எவ்வளவு என்று உங்களிடம் சொல்லவே சொல்லாது. 1/500 விநாடியைவிட வேகம் தேவைப்பட்டால் சிவப்பு எரியும். அப்போது எடுத்தால் படம் வெளுக்கும், அப்பர்ச்சரைச் சுருக்க வேண்டும். 1/30-ஐவிட மெதுவாகப் போனால் மஞ்சள். மஞ்சள் எரிந்தால் எடுக்கக்கூடாது என்றில்லை, கேமராவைச் சுவரிலோ ஸ்டாண்டிலோ வைத்து எடுங்கள், அவ்வளவுதான். அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் வளையத்தைத் திருப்பினால் விளக்கு அணையும். இரண்டுக்கும் நடுவில் மௌனமாக இருக்கும். மௌனம் சம்மதம்.

இரண்டு கிளிக் சத்தமும் சிக்கல் இல்லை. முதல் கிளிக்கில் திறக்கிறது, இரண்டாவதில் மூடுகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில், 200 ஃபிலிமில், எஃப் 8 வைத்தால் அரை விநாடி போலத் திறந்துதான் இருக்கும். அந்தக் கை ஆட்டம் அங்கிருந்து வந்தது. வீட்டுக்குள் எஃப் 1.7-க்குத் திறந்துவிடுங்கள், அந்த 45 மில்லிமீட்டர் லென்ஸின் பெருமையே அதுதானே.

ஆனால் உப்பளப் படங்கள்தான் எனக்கு இடிக்கிறது. உப்பளம் என்பது வெள்ளை வெளேர் காட்சி. வெள்ளையைப் பார்க்கும் எந்த மீட்டரும், அதாவது வெளிச்சம் அளக்கும் கண்ணும், ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துத்தான் கொடுக்கும், உப்பு சாம்பல் நிறமாக வரவேண்டும். உங்களுக்கோ தலைகீழாக வெளுத்திருக்கிறது. அப்படியானால் மீட்டர் சொல்வதை ஷட்டர் கேட்கவில்லை என்று சந்தேகிக்கிறேன்.

மூன்று காரியம் செய்து பாருங்கள். ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து வையுங்கள், பேட்டரி இருக்கட்டும், எஃப் 16 வைத்து ஜன்னல் பக்கம் நீட்டி அழுத்தி, பின்னாலிருந்து ஷட்டரைப் பாருங்கள். அடுத்து, மேலே இருக்கும் அந்தக் கண்ணை விரலால் நன்றாக மூடிக்கொண்டு அழுத்துங்கள். விரலை எடுக்கும்வரையோ, குறைந்தது சில விநாடியோ திறந்து நிற்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் கோளாறு உறுதி. கடைசியாக, லீவரை இழுக்கும்போது காதை வைத்துக் கேளுங்கள், உள்ளே கனமாக ஒரு "டொக்" கேட்க வேண்டும். பல் சக்கரம் ஓடும் "கிர்ர்" இல்லை, அதற்கு மேல் தனியாக ஒரு டொக். கேட்கிறதா என்று சொல்லுங்கள்.

மணி_கே1000:

இத்தனை வைத்தியம் எதற்கு? அதை ஷோகேஸில் வைத்துவிட்டு ஒரு பென்டாக்ஸ் கே1000 வாங்குங்கள். பேட்டரி செத்தாலும் 1/1000 வரைக்கும் எல்லா வேகமும் ஓடும். எலக்ட்ரானிக்ஸ் உள்ள பழைய கேமரா எல்லாம் வீட்டு மருமகன் மாதிரி, எப்போது முறுக்கிக்கொள்ளும் என்று சொல்லமுடியாது.

இருட்டறை:

மணி, உங்கள் கே1000-க்கு ஆஃப் சுவிட்ச் என்று ஒன்று கிடையாது, மூடி போடாமல் வெளிச்சத்தில் வைத்தால் மீட்டர் பாட்டுக்கு ஓடிப் பேட்டரியைத் தின்றுவிடும். அதில் மூடியை மறந்தால் பேட்டரி போச்சு, இதில் மூடியைக் கழற்ற மறந்தால் படம் போச்சு. குணம் இல்லாத கேமரா எது? தம்பி கேட்டது பெரியப்பா கேமராவைப் பற்றி. அதற்குப் பதில் சொல்வோம்.

உப்பளத்தான்:

ஐயா, நெகட்டிவை வாங்கிவிட்டேன். முதல் ஐந்தும் கண்ணாடி. பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். அதில் மூன்று படம் பெரியம்மா சிரித்தபடி நின்றபோது எடுத்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

உப்பளப் படங்கள் நெகட்டிவில் கருங்கல் மாதிரி இருக்கிறது. ஸ்பேனர் அண்ணா சொன்ன சோதனையும் செய்தேன். ஜன்னலைப் பார்த்து அழுத்தினாலும் சில முறை நிதானமாகத்தான் மூடுகிறது, விரலை வைத்தாலும் ஏறக்குறைய அதே மாதிரி, ஒரு முறை செய்வதை மறுமுறை செய்வதில்லை. டொக் சத்தம் இல்லவே இல்லை. என் காதில்தான் கோளாறோ என்று தங்கையைக் கூப்பிட்டும் கேட்கச் சொன்னேன். "கிர்ர்ர்னு மட்டும்தான் கேக்குது" என்கிறாள்.

கோவை_ஸ்பேனர்:

சரி, தெரிந்துவிட்டது. உங்கள் மேலும் தப்பில்லை, பெரியப்பா மேலும் தப்பில்லை, வயசுக் கோளாறு.

உள்ளே ஷட்டர் பட்டனோடு சேர்ந்து மேலும் கீழும் போகும் கம்பி ஒன்று இருக்கிறது. அது திரும்பி வந்து உட்காரும் இடத்தில் சின்னதாக ஒரு ரப்பர் திண்டு. சுண்டு விரல் நகத்தில் பாதிகூட இருக்காது. ஐம்பது வருஷத்தில் அது பொடிந்து போகும், அல்லது பிசினாகி நசுங்கிவிடும். அப்புறம் கம்பி வரவேண்டிய இடத்துக்கு வராது, எலக்ட்ரானிக் சுவிட்ச் சரியான நேரத்தில் தொடாது, ஷட்டர் பெரும்பாலும் தேவைக்கு மேல் திறந்து நிற்கும், விளக்கும் அதன் இஷ்டத்துக்கு எரியும். அந்த டொக் என்பது கம்பி திண்டில் வந்து விழும் சத்தம்தான். இந்த மாடல் வைத்திருப்பவர்கள் இந்தத் திண்டுக்கு எமன் பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். பழைய எலக்ட்ரோ விலைக்கு வாங்கப் போனால் நான் லென்ஸைக்கூட அப்புறம்தான் பார்ப்பேன், முதலில் லீவரை இழுத்துக் காதில் வைப்பேன்.

திண்டு மாற்றுவது பெரிய பாகம் எதுவும் வாங்கவேண்டிய வேலை இல்லை, ஆனால் பிரித்துப் போட வேண்டும், உள்ளே தலைமுடி மாதிரி வயர்கள் இருக்கும், பாதரச பேட்டரி கசிந்திருந்தால் அவையே உளுத்துப் போயிருக்கும். முதல் கேமராவிலேயே நீங்களே ஸ்க்ரூ டிரைவர் எடுக்காதீர்கள். பழைய ஃபிலிம் கேமரா பார்க்கும் மெக்கானிக்குகள் சென்னையிலும் கோவையிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கொடுக்கும்போது "எலக்ட்ரோ, டொக் சத்தம் வரவில்லை" என்று சொல்லுங்கள், தெரிந்தவர் என்றால் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார். முழிப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

அதுவரைக்கும் கேமராவைச் சும்மா வைக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி இல்லாவிட்டால் இது எல்லாப் படத்தையும் 1/500 என்ற ஒரே வேகத்தில் அடிக்கும். மூளை தூங்கிவிடும், கை மட்டும் வேலை செய்யும். நம் ஊர் வெயிலுக்கு 1/500 ஒன்றும் மோசமில்லை. 200 ஃபிலிமுக்கு உச்சி வெயிலில் எஃப் 11, உப்பு கண்ணைக் கூசினால் எஃப் 16. மேகம் மூடியிருந்தால் எஃப் 5.6, திண்ணை நிழலில் எஃப் 4. வீட்டுக்குள் மறந்துவிடுங்கள், 1.7-க்குத் திறந்தாலும் போதாது.

இன்னொன்று, 400 ஃபிலிம் வாங்காதீர்கள். உச்சி வெயிலில் 400-க்கு எஃப் 16 வைத்தாலே கணக்கு 1/400-க்கு வந்துவிடும், எஃப் 11 வைத்தால் இந்த ஷட்டருக்கு எட்டாது. அப்புறம் பகல் முழுக்க எஃப் 16-லேயே கிடக்க வேண்டும்.

யாழ்_நிழல்:

வணக்கம். அந்த ஆரஞ்சுக் கோட்டைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். என்னிடமும் இதே கமரா இருக்கிறது, கடற்காற்றும் அதே காற்றுத்தான்.

அது வெளிச்சக் கசிவு. பின்கதவு மூடும் பள்ளத்திலும், கதவு மடியும் பக்கத்திலும் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருப்பார்கள். உங்களுடையதை ஒருக்கால் தொட்டுப் பாருங்கள், விரலில் தார் மாதிரி ஒட்டும். அதைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்து, மருந்துக் கடையில் வாங்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேணும். அவசரப்படாதீர்கள், எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. துணுக்குகள் உள்ளே விழாதபடி கமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு அந்தப் பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை வைத்து அமத்திவிட்டால் போதும். கதவு மடியும் பக்கத்துக்குக் கறுப்பு வெல்வெட்டில் ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கள். நான் அம்மாவின்ரை பின்னல் பெட்டியிலிருந்து எடுத்த நூல் ஆறு வருஷமாக இருக்கிறது, ஒரு கோடும் வரவில்லை.

பற்றரி அறையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ கறள் பிடித்திருந்தால் வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். லென்ஸை இருட்டில் டோர்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி ஏதும் தெரிந்தால் அது பூஞ்சணம், மெக்கானிக்கிடம் கொடுக்கும்போதே அதையும் சொல்லிவிடுங்கள்.

இருட்டறை:

இன்னொரு விஷயம் விட்டுப்போனது. ரிப்பேர் ஆகி வந்தபிறகு உப்பளம் எடுக்கும்போது, ஃபிலிம் 200 என்றாலும் ஏஎஸ்ஏ சக்கரத்தை 100-க்குக் குறைத்து வை. ஸ்பேனர் சொன்ன சாம்பல் உப்பு நியாயம்தான், அதற்கு இதுதான் மருந்து. வானத்தைப் பின்னால் வைத்து கோபுரம் எடுத்தாலும், வெள்ளை வேட்டிக் கூட்டம் எடுத்தாலும் இதே கதை. எடுத்து முடித்ததும் மறக்காமல் 200-க்குத் திருப்பு. கலர் நெகட்டிவ் என்பதால் வெளிச்சம் ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு) கூடினாலும் தாங்கிக்கொள்ளும், குறைந்தால்தான் முகம் சுளிக்கும்.

ஃபிலிமைப் பற்றிப் பேசினாலே ஊட்டி ஞாபகம் வந்துவிடுகிறது. அங்கே இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை ஓடிய காலத்தில் "இந்து" கறுப்பு வெள்ளை ஃபிலிம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வாங்கி அடுக்கியிருப்பேன். நம் மலையில் செய்த ஃபிலிமில் நம் ஊர்க் கல்யாணம். இப்போது ஒரு ரோலுக்குக் கேட்கும் விலையைப் பார்த்தால் எனக்கே லீவரை இழுக்கக் கை வரமாட்டேன் என்கிறது. சரி, அது வேறு கதை.

உப்பளத்தான்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கம்பளி நூல் வைத்தேன். தார் என்று யாழ்_நிழல் சொன்னது சும்மா இல்லை, நகத்துக்குள் போனது இரண்டு நாள் போகவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டாவது ரோல் முழுக்க 1/500-லேயே எடுத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் வெயில் 11, உப்பு 16, மேகம் 5.6, திண்ணை 4 என்று எழுதிக் கேமரா முதுகில் ஒட்டிவிட்டேன். 36-ல் 29 படம் நன்றாக வந்திருக்கிறது. மிச்சம் ஏழும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆசையில் எடுத்தது, இருட்டடித்துவிட்டது. உப்பு அள்ளும் படங்களில் ஆட்களின் கை நரம்புகூடத் தெரிகிறது. ஆரஞ்சுக் கோடு ஒன்றுகூட இல்லை. வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை என்பதால் வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

பெரியம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து மறுபடி எடுத்தேன். "போன தடவ எடுத்தது என்னாச்சு?" என்றார். உண்மையைச் சொன்னேன். "உங்க பெரியப்பாவும் சிங்கப்பூர்லேருந்து வந்த புதுசுல அதேதான் பண்ணாரு, எங்க கல்யாண நாள் படம் அம்புட்டும் கருப்பு" என்று அரைமணி நேரம் சிரித்தார்.

கேமராவை நேரில் கொண்டுபோய் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். டொக் என்றதுமே தலையை ஆட்டினார், அதனால் நம்பி விட்டுவந்தேன். நேற்றுப் போன் செய்து, "இதக் கேளுங்க" என்று லீவரை இழுத்துக் காட்டினார். கேட்டது. லென்ஸின் பின்பக்கக் கண்ணாடியில் லேசாகப் பூஞ்சை இருந்ததாம், துடைத்துவிட்டாராம். வியாழக்கிழமை போய் வாங்குகிறேன். கடைசியாக ஒன்று மட்டும்: பெரியப்பாவின் தோல் உறை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அதிலேயே வைக்கலாமா?

யாழ்_நிழல்:

வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சணம் வந்ததே அதிலிருந்துதான் இருக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு கமராவை வையுங்கள், மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து நாலு தரம் ஷட்டரை அடியுங்கள்.

இருட்டறை:

உறையை வெயிலில் காயவைத்துப் பெரியம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடு. பீரோவில் அது இருந்த இடம் காலியாகத்தானே இருக்கும்.